எது கேட்டாலும் ஆமாம்

"பக்கத்துல யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வெள்ளைப் பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, எல்லோரையும் உரக்கப் படிக்க வைத்த விதி அது. வாடிக்கையாளர் எவ்வளவு தடுமாறினாலும் சரி, மவுஸைத் தலைகீழாகப் பிடித்தாலும் சரி, போனை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் தன்னை முட்டாள் என்று சொல்லிவிட்டதாக அவர் நினைப்பார். நினைத்தால் அழைப்பு முடிந்ததும் அவர் கொடுக்கும் நட்சத்திர மதிப்பெண் குறையும். குறைந்தால் டீம் லீடர் மேசைக்கே வந்து நிற்பார். மூச்சுக்கு மூச்சு நட்சத்திரம், நட்சத்திரம் என்று அடித்துக்கொள்வதால் அந்தக் கால் சென்டர் ஹாலில் அவருக்குப் பெயரே நட்சத்திரம்தான்.

ஆனால் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. காலையிலிருந்து காதைவிட்டு இறங்காத ஹெட்செட்டின் பஞ்சு வியர்வையில் ஊறிப் புளித்த வாடை அடித்தது. ஜன்னலே இல்லாத ஹாலில் தலைக்கு மேல் ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பகலா இருட்டா என்று தெரியாமல் வெளுத்துக் கிடந்த குழல்விளக்கு வெளிச்சத்தில், வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த தலைகள் எல்லாம் யாருக்கோ மன்னிப்புக் கேட்பதுபோல முன்னால் குனிந்திருந்தன. ஏசியில உட்கார்ந்து பேசுறதுக்கு என்னடி களைப்பு என்று அம்மா தினமும் கேட்பாள். பதில் சொல்லவும் தெம்பு இருக்காது. சேர்ந்த அன்று எழுந்து நின்று, "எங்க வீட்டுல முதல் பட்டதாரி நான்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். அன்றிலிருந்து இங்கே அவள் பெயர் பட்டதாரி. அப்பனும் தாத்தனும் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு நகைச்சுவை.

"பக்கத்துல யாரும் இல்லையே கண்ணு," என்றது மறுமுனைக் குரல். கோபம் இல்லை. "நானும் எங்க வீட்டுக்காரரும்தான். அவரு உள்ரூம்ல படுத்த படுக்கை. பேச்சும் வராது. வேற யாரைக் கூப்பிட?"

அந்த அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பேச்சுக்கு அடியில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பேசுகிறவர் பேசிக்கொண்டே மூச்சை இழுக்க முடியாது. ஒரு நொடி அவளுக்கு உறைத்தது. அப்புறம் லைன் கோளாறு என்று விட்டுவிட்டாள். களைத்த மூளை எதையும் லைன் கோளாறு என்று விட்டுவிடும்.

"சாரி மேடம். தெரியாம கேட்டுட்டேன்."

"மேடம் எல்லாம் எதுக்கு? டீச்சர்னு சொல்லு. அப்படிக் கேட்டுத்தான் காது பழகியிருக்கு."

டீச்சரின் பிரச்சினை சின்னதுதான். கணவர் ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை பார்த்தவர்கள் அவர் குரலை ஒரு சிடியில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். பிறகு பக்கவாதம் வந்து குரலை வாரிக்கொண்டு போய்விட்டது. மகன் அந்த சிடியை ஒரே ஃபைலாக நகல் எடுத்துப் புது லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. அதற்குத்தான் இவர்கள் விற்கும் மென்பொருள். இல்லாத சிடி டிரைவ் ஒன்று இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும். நம்பிவிட்டால் போதும், ஃபைலை நிஜ சிடி என்று எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும்.

கம்ப்யூட்டர்தான் நம்ப மறுத்தது. டிரைவர் என்ற துணை நிரலை நிறுவ முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரே சிவப்புப் பெட்டி.

"ஒரே ஒரு தடவை அவரு குரலை அவருக்கே போட்டுக் காட்டணும்," என்றார் டீச்சர். "கேட்டா ஒருவேளை பேச்சு திரும்பலாம்னு டாக்டர் சொன்னாரு. திரும்பாட்டியும் போகுது. எனக்கே மறந்துக்கிட்டு வருது கண்ணு. அவரு குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சா, டிவியில செய்தி படிக்கிறவன் குரல்தான் காதுல வருது."

இன்றைக்கு மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இது ஒன்று சரியாகிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

தூரத்தில் இரும்பில் எதுவோ தட்டுப்பட்டது. டிங்.

"அவருதான்," டீச்சர் சிரித்தார். "மோதிரத்தால கட்டில் கம்பியைத் தட்டுவாரு. ஒரு கை மட்டும்தான் வரும். ஒண்ணு தட்டினா ஆமா. ரெண்டு தட்டினா வேண்டாம். ஏங்க, நாம இங்க பேசுறது கேக்குதா?"

டிங்.

பட்டதாரி முதல் முறையாகச் சிரித்தாள். தன் மேசையிலிருந்தே டீச்சரின் திரையைத் திறந்து, சாதனங்களின் பட்டியலை இறக்கிப் பார்த்தாள். இருந்தது. மகன் போட்டுப் பார்த்துப் பாதியில் விட்டதோ என்னவோ, பழைய டிரைவர் ஒன்று, மஞ்சள் ஆச்சரியக்குறியோடு, எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

"பழசு ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு டீச்சர். அது இருக்கிற வரைக்கும் புதுசு உட்காராது. பழசை எடுத்துட்டு, அந்த இடத்துல புதுசை வைக்கணும்."

"எடுத்தா எதுவும் கெட்டுப் போயிடாதே?"

"அது இருந்ததே யாருக்கும் தெரியாது, விடுங்க."

நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். இனி அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டி வரும் நேரத்தில் மட்டும் அவள் பக்கம் திரை கருப்பாகிவிடும். வெளியாள் யாரும் தானாகவே அனுமதி கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. வீட்டில் இருப்பவர்தான் அழுத்த வேண்டும். அதற்கென்றே அந்த ஹாலில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை அது காதில் விழும் என்று யாரும் எண்ணியதில்லை. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தால் அழைப்பு நீளும். அதனால் யாரும் விளக்குவதில்லை.

"இப்போ என் பக்கம் ஒண்ணும் தெரியாது டீச்சர். எது கேட்டாலும் ஆமாம்னு குடுங்க."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

திரை கருத்தது. கண்ணாடியில் அவள் முகமும், முகத்துக்குப் பின்னால் குழல்விளக்குகளும். மறுமுனையில் விசை அழுந்தும் ஓசை கேட்டது. அப்புறம் டீச்சரின் குரல், போனிலிருந்து சற்று விலகி, வாசலில் யாருக்கோ பதில் சொல்வதுபோல.

"ஆமா."

கொஞ்சம் இடைவெளி.

"ஆமா. ஆமா, தாராளமா."

வாய்விட்டுப் படிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். வயதானவர்கள் படிப்பார்கள். உள்ளிருந்து கம்பி ஒலித்தது. டிங் டிங். கொஞ்சம் விட்டு, வேகமாக. டிங் டிங்.

திரை வெளிச்சமானது. மறுபடி சிவப்புப் பெட்டி. ஆனால் வாசகம் மாறியிருந்தது. 'இந்தச் சாதனத்தை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

வேறொரு நிரல் என்றுதான் வரும். வேறொருவர் என்று அவள் பார்த்ததில்லை.

"டீச்சர், எத்தனை தடவை கேட்டுச்சு?"

"மூணு தடவை."

"ஒரு தடவைதானே கேக்கணும்?"

"ஸ்க்ரீன்ல ஒரு தடவைதான் கேட்டுச்சு. அழுத்திட்டேன். மத்த ரெண்டும் இவரு கேட்டாரு."

"எவரு?"

"பக்கத்துல இருக்கிறவரு கண்ணு. நீதானே அவர்கிட்ட போனைக் குடுக்கச் சொன்னே?"

ஏசி முனகியது.

"பக்கத்துல யாரும் இல்லன்னீங்களே?"

"அப்போ இல்ல."

பட்டதாரி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து மேசையைப் பார்த்தாள். அங்கே இருந்தவளுக்குக் கொட்டாவி என்று பெயர். பேசும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

"ஏய், இந்தம்மா வீட்டுல யாரோ புகுந்திருக்காங்கடி."

"தனியா இருக்கிறவங்க நாலு பேரு இருக்கிற மாதிரிதான் பேசுவாங்க," என்றாள் கொட்டாவி, கண்ணைத் திருப்பாமலே. "நட்சத்திரம் இந்தப் பக்கமே பாக்குது. சீக்கிரம் முடிச்சு அனுப்பு."

அவள் கையை எடுத்தாள். "டீச்சர், அவரு என்ன கேட்டாரு?"

"உள்ள வரலாமான்னாரு. இப்படி உட்காரலாமான்னாரு. பார்க்க ஒரு மாதிரி மங்கலா இருக்காரு, என் கண்ணாடியைத் தொடைக்கணும். ஆனா மரியாதையான மனுஷன். உங்க ஆபீஸ்காரருதானே?"

மூச்சு மறுபடி கேட்டது. இந்த முறை போனுக்கு மிக அருகில். இழுத்தது. விடவில்லை.

டிங் டிங். டிங் டிங்.

"டீச்சர், அவரை வெளியே போகச் சொல்லுங்க."

"எது கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொன்னியே. இப்போ மாத்திப் பேசினா எப்படி? வந்தவரை எழுந்து போன்னு..."

திரை கருத்தது. அவள் எதையும் அழுத்தியிருக்கவில்லை.

"டீச்சர்! எதுக்கும் ஆமாம் சொல்லாதீங்க! எதுக்கும்! கேக்குதா?"

ஹாலில் தலைகள் திரும்பின. காலடி ஓசை. தோளுக்கு மேலாக ஒரு விரல் வந்து மேசைமீதிருந்த பொத்தானை அழுத்தியது. மைக்கின் பச்சை விளக்கு அணைந்தது.

"வாடிக்கையாளர்கிட்ட கத்துவியா?" நட்சத்திரம் குனிந்து, பல்லுக்குள் பேசினார். அவர் வாயில் புதினா மிட்டாய் வாசனை. "இது என்ன சந்தைக்கடையா? எங்கேர்ந்து வந்தியோ அந்தப் பழக்கம் இங்கேயும் வருது பாரு."

"விரலை எடுங்க சார்."

"மூச்சை இழுத்து விடு. நிதானமாகு. அப்புறம் பேசலாம்."

அவர்கள் பேசுவது டீச்சருக்குக் கேட்காது. டீச்சர் பேசுவது அவளுக்குக் கேட்கும்.

"கண்ணு? லைன்ல இருக்கியா? பழசை எடுத்துட்டு அந்த இடத்துல புதுசு வைக்கலாமான்னு கேக்குறாரு. நீ சொன்னியே, அதேதான்."

டிங் டிங். டிங் டிங். டிங் டிங்.

"விரலை எடுய்யா!"

"பாரு, பாரு, மறுபடி..."

"நீ பேச மாட்டேங்குறியே," என்றார் டீச்சர். வகுப்பில் பதில் வராத பிள்ளைக்காகக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தார். கம்பி இப்போது நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்ற கணக்கெல்லாம் போய், மோதிரமும் இரும்பும் ஒன்றையொன்று கடிப்பதுபோல. "என்னங்க இது, வேலை நடக்குற நேரத்துல? சரி. ஆமா. வெச்சுடுங்க."

டிங்.

அதோடு நின்றது.

திரை வெளிச்சமானது. சிவப்புப் பெட்டி இல்லை. மஞ்சள் குறி இல்லை. பட்டியலில் புது டிரைவ், கறுப்பு எழுத்தில், பளிச்சென்று. பச்சை டிக்.

"பார்த்தியா, சரியாயிடுச்சு," என்று விரலை எடுத்தார் நட்சத்திரம். "நிதானமா இருந்தா எல்லாம் தானா சரியாகும்."

அப்போது மறுமுனையில் ஓர் ஆண் குரல் பேசியது.

கனமான, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கூட்டம் நகர இடம் விட்டுப் பேசும் குரல். "காத்திருந்தமைக்கு... நன்றி. தாமதத்துக்கு... வருந்துகிறோம்."

சிடி ஓடத் தொடங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தாள். நிம்மதியில் கண் கரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

டிரைவ் காலி. ஃபைலை இன்னும் யாரும் அதில் போடவே இல்லை.

"கண்ணு!" டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "நடந்து வர்றாரு கண்ணு! அவரே எழுந்து நடந்து வர்றாரு! இதே குரல்தான்! இதேதான்!"

"டீச்சர்." அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "கட்டிலைப் போய்ப் பாருங்க."

"எதுக்கு? அவருதான் இங்க..."

"பாருங்க டீச்சர்."

செருப்பு தரையில் உரசும் ஓசை. கதவு. அந்த நேரத்தில் அவள் கை, பழக்கத்தில், பட்டியலின் மேலே போய் ஒரு கட்டத்தை அழுத்தியது. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு. முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனவை எல்லாம் சாம்பல் நிறத்தில், மங்கலாக, அடியில் வந்து நின்றன. கடைசி வரியில் பெயர் இல்லை. வரி மட்டும் இருந்தது. வெளிறி, தெளிந்து, வெளிறி, தெளிந்து.

"கட்டில்ல போர்வை இருக்கு," என்றார் டீச்சர். சிரிப்பு போயிருந்தது. "மேல வருது, கீழ போகுது. மூச்சு விடுற மாதிரி. உள்ள ஆளு இல்ல."

இரும்பில் ஒரு தட்டல். எங்கோ சுவருக்குள், அதற்கும் அப்பால். டிங். இன்னொன்று வருவதற்கு வெகுநேரம் ஆனது. டிங்.

"அவரு என் பின்னாடியே வந்து நிக்கிறாரு கண்ணு. என்னமோ கேக்குறாரு."

அந்தக் கனமான குரல் அவளுக்கும் கேட்டது. "பழையது முழுவதுமாக நீங்கிப்போக... ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட வேண்டும். இப்போதே... செய்யலாமா?"

இந்தத் தொழிலில் அவளுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. நீக்கியது உடனே போய்விடாது. அணைத்துப் போடும் வரை அங்கேயேதான் இருக்கும், மங்கலாக. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வரும் வரைதான்.

"டீச்சர், வாயைத் திறக்காதீங்க. ஆமாவும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். ஒரு சத்தம் கூட வேண்டாம். அந்தக் கட்டில்லயே உட்கார்ந்து போர்வையைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. நான் வர்றேன்."

போர்வைத் துணி கசங்கும் ஓசை மட்டும்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். திரையின் ஓரத்தில் டீச்சரின் முகவரி. வீட்டு எண்ணையும் தெருவையும் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே?" என்றார் நட்சத்திரம்.

"அவங்க வீட்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? வாடிக்கையாளர் வீட்டுக்கா? இப்போ எழுந்தா திரும்பி வராதே. உன் சீட்டுக்கு ஆளு வெளியே வரிசை கட்டி நிக்குது."

"நிக்கட்டும்."

"பட்டம் வாங்கின திமிரு."

"ஆமா சார். எங்க அப்பன் மூட்டை தூக்கி வாங்கிக் குடுத்த திமிரு. இறக்கி வைக்க மாட்டேன்."

கொட்டாவி வாயைப் பாதியில் மூடினாள். மேசைமேல் கிடந்த ஹெட்செட்டிலிருந்து அந்தக் குரல் பொறுமையாக யாரையோ அழைத்துக்கொண்டிருந்தது. நட்சத்திரம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தார். முகம் சட்டென்று மலர்ந்தது.

"சொல்லுங்க சார், நான்தான் பொறுப்பாளர்... நடந்ததுக்கு மன்னிக்கணும் சார்."

அவள் மேசைகளுக்கு நடுவே நடந்தாள். தரைவிரிப்பின் பழைய ஈர வாடை. இரண்டு பக்கமும் குனிந்த தலைகள். யாரும் நிமிரவில்லை.

"ஆமா சார், அந்தப் பொண்ணுதான்," என்று பின்னால் அவர் குரல். "கிளம்பிட்டா சார்... அவ இடத்துலயா? வேற ஆளா?"

நடந்தாள்.

"தாராளமா சார். இப்பவே வைக்கலாம். ஆமா சார். ஆமா."

ஏசி ஒரு நொடி நின்று, மறுபடி முனக ஆரம்பித்தது.

கதவருகே வந்துதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

அவள் நாற்காலி காலியாக இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நுனி பிரிந்த பின்னல், அவளுடைய பின்னல். தோளில் சாயம்போன துப்பட்டா, அவளுடைய துப்பட்டா. நட்சத்திரம் அந்தத் தோளை இரண்டு முறை தட்டிக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக நகர்ந்தார். கொட்டாவி அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ கிண்டலாகச் சொன்னாள். பதில் வந்திருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தத் தலை ஹெட்செட்டோடு முன்னால் குனிந்தது. அவளுக்கு ஒரு நாளும் வராத இனிமையோடு, கோபத்தின் சுவடே இல்லாமல், அவளுடைய குரல் யாருக்கோ வணக்கம் சொன்னது.

ஆள் வந்தால் தானாக விலகும் கண்ணாடிக் கதவு விலகவில்லை. கையை ஆட்டினாள். காவலாளி அவள் அங்கே இல்லாததுபோல அவளை ஊடுருவிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தோளைக் கொடுத்துக் கதவை நெம்பித் திறந்துகொண்டு, வீட்டு எண்ணையும் தெருவையும் வாய்க்குள் சொல்லியபடி வெளியே நடந்தாள்.